எல்லா ரிப்போர்ட்டும் நார்மல்: ஒரு பீடிக் கடைப் பையனின் மருத்துவச் செலவுக் கணக்கு

நெஞ்சு வலி என்று அலைந்ததில் எனக்குப் போனவை: மூன்று வருஷம், இரண்டு லட்சத்துக்கும் மேலே பணம், மனைவியின் ஒரு செயின், வேலையில் வர வேண்டிய இன்க்ரிமென்ட். மிஞ்சியது தலையணை கனத்துக்கு ஒரு ஃபைல். அதில் எந்தத் தாளைப் புரட்டினாலும் ‘நார்மல்’ என்றுதான் இருக்கும். நோய் எங்கே இருக்கிறது என்று ஒரு ஆளாவது எனக்கு முன்னாலேயே சொல்லியிருந்தால் இதில் பாதியாவது மிச்சமாகியிருக்கும். என் மாதிரி இன்னொருவர் எங்காவது ஸ்கேன் சென்டர் வாசலில் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார் என்று தோன்றுகிறது. அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஊர் குடியாத்தம் பக்கம் ஒரு கிராமம். வேலை ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில். ஹெல்பராகச் சேர்ந்து, மெஷினில் உட்கார்ந்து, முப்பத்தைந்து வயசுக்கு மேலே தையல் லைனுக்கு சூப்பர்வைசர் ஆனேன். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். சூப்பர்வைசர் என்றால் வேலை இதுதான்: ஒவ்வொரு மணி நேரமும் எத்தனை ஜோடி முடிந்தது என்று போர்டில் எழுத வேண்டும். குறைந்தால் மேனேஜர் என்னைக் கத்துவார், நான் லைனில் இருக்கிற பெண்களைக் கத்த வேண்டும். அந்தப் பதவிக்கு வந்த சில மாதத்தில்தான் ஆரம்பித்தது. எண்ணி எழுதுகிற நேரம் நெருங்கும்போது நெஞ்சு இறுகும், மூச்சு பாதியில் நிற்கும், விரல் நுனி மரத்துப் போகும், வயிறு கலக்கும். செத்துவிடுவேன் என்று நிஜமாகவே தோன்றும். கால் மணி, அரை மணியில் தானாக அடங்கிவிடும். அடங்கின பிறகு கை கால் எல்லாம் துணி பிழிந்துபோட்ட மாதிரி ஆகிவிடும்.

முதல் தடவை கம்பெனி வண்டியிலேயே தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இரண்டு ராத்திரி வைத்திருந்து ஈசிஜி, ரத்தப் பரிசோதனை, எக்கோ எல்லாம் எடுத்து, ஒன்றுமில்லை, கேஸ் என்று அனுப்பினார்கள். முப்பதாயிரத்தை ஒட்டி பில். அந்த நேரம் பார்த்து என் சம்பளம் 21,000 தாண்டியிருந்தது. அதற்கு மேலே போனால் இ.எஸ்.ஐ., அதாவது தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு, அப்போது கிடையாது. தொழிலாளியாக இருந்தவரை கார்டு இருந்தது, சூப்பர்வைசர் ஆனதும் கார்டும் போனது, வியாதியும் வந்தது. இதை யாராவது புதிதாகப் பதவி உயர்வு வாங்குகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். சம்பளம் வரம்பைத் தாண்டினாலும் அந்த அரையாண்டு சந்தா காலம் முடியும்வரை இ.எஸ்.ஐ. தொடரும். அதற்குப் பிறகு என்ன இருக்கிறது என்று கம்பெனியில் அன்றைக்கே கேளுங்கள். எங்கள் கம்பெனியில் குரூப் இன்சூரன்ஸ் இருந்தது, ஆனால் படுத்தால்தான் காசு. வெளிநோயாளியாக எடுத்த டெஸ்ட் எதற்கும் ஒரு ரூபாய் வரவில்லை.

அப்புறம் வேறு ஆஸ்பத்திரி. அங்கே பழைய ரிப்போர்ட் செல்லாது, எல்லாம் திரும்ப. ட்ரெட்மில், எண்டோஸ்கோப்பி. தலை சுற்றுகிறது என்று சொன்ன வாய்க்கு மூளை எம்.ஆர்.ஐ. கடைசியில் “சந்தேகம் வேண்டாம், பார்த்துவிடலாம்” என்று ஆஞ்சியோகிராம். அதற்குத்தான் செயின் போனது. எல்லாம் சுத்தம். சுத்தம் என்று கேட்டதும் சந்தோஷப்பட வேண்டியதுதானே? எனக்கு அழுகை வந்தது. வலி நிஜம். வியாதி இல்லை என்றால் நான் நடிக்கிறேன் என்று ஆகிறது. வெளியே சொல்லாவிட்டாலும் உறவில் சிலர் அப்படித்தான் நினைத்தார்கள். நடுவில் ஊர்ப் பக்கம் செய்வினை என்று சொல்லி, மந்திரிப்பு, தாயத்து, ராத்திரி பூஜை என்று அதில் ஒரு இருபதாயிரம். பயந்தவன் பையில் எல்லோரும் கை விடுவார்கள்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். முதல் தடவை நெஞ்சு வலி வந்தால் அது மனசு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள், ஈசிஜி எடுங்கள், இதயத்தைப் பார்த்துவிடுங்கள். அது வீண் செலவு இல்லை. வீண் செலவு என்பது அதே டெஸ்ட்டை நாலு இடத்தில் எடுப்பது. ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் தேதி வாரியாக ஒரே ஃபைலில் வைத்து, அடுத்த டாக்டரிடம் முதல் வார்த்தையாகவே, “இதெல்லாம் பார்த்தாச்சு, இது வேற என்னவா இருக்கலாம்?” என்று கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

கடைசியில் நான் கேட்கவில்லை, என்னைத்தான் கேட்டார்கள். காசு தீர்ந்துபோய் அரசு ஆஸ்பத்திரிக்குப் போன ஒரு ராத்திரி, அவசரப் பிரிவில் ஒரு சின்னப் பெண் டாக்டர். ஈசிஜியைப் பார்த்தார், ஃபைலைப் புரட்டினார், அப்புறம் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “அண்ணா, இது எந்த நேரத்துல வருது?” என்றார். கணக்கு எடுக்கிற நேரத்தில் என்றேன். “சின்ன வயசுல யாராவது உங்களை ரொம்ப அடிச்சிருக்காங்களா?” என்றார். எனக்குக் கோபம் வந்தது. நெஞ்சு வலிக்கு வந்தவனிடம் இது என்ன கேள்வி? ஆனால் அந்த நிமிஷமே என் தாடை தானாகக் கீழே இறங்கிக் கழுத்தோடு ஒட்டிக்கொண்டதை நான் கவனித்தேன்.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் பீடிக் கடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு எட்டு, ஒன்பது வயசு. அப்போது எங்கள் மாவட்டத்துக்கு வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்று பெயர். அக்கா கல்யாணத்துக்கு அப்பா ஒரு பீடி முதலாளியிடம் அறுநூறு ரூபாய் வாங்கினார். அதற்கு ஈடாக என்னை வேலைக்கு விட்டார். பணம் திரும்பும்வரை பையன் அங்கே. நாங்கள் ஏழெட்டுப் பையன்கள். பெரியவர்கள் இலையில் தூளை வைத்துச் சுற்றித் தருவார்கள், நாங்கள் முனையை மடக்க வேண்டும். சின்ன விரலுக்குத்தான் அது சீக்கிரம் வரும் என்பார்கள். காலையில் உட்கார்ந்தால் விளக்கு வைத்த பிறகும் வேலை இருக்கும். தலை நிமிராமல் இருக்க எங்கள் தாடைக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு தீப்பெட்டியை வைப்பார்கள். அது விழுந்தால் அடி. சாயங்காலம் மேஸ்திரி கணக்கு எடுப்பார், எண்ணிக்கை குறைந்தால் அதற்கும் அடி. கூலியாக ஒன்றிரண்டு ரூபாய் தருவார்கள், கடன் அப்படியே நிற்கும். மூன்று வருஷத்துக்கு மேலே அங்கே இருந்தேன். ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை பார்த்த பெரியப்பா பணத்தைக் கட்டிக் கூட்டிக்கொண்டு வந்தார். அவர் இல்லையென்றால் நான் பள்ளிக்கூடம் பார்த்திருக்க மாட்டேன்.

இது எனக்கு மட்டும் நடந்தது இல்லை. குடியாத்தம், பேர்ணாம்பட்டு சுற்று வட்டாரத்தில் என் வயசுக்காரர்கள் எத்தனையோ பேருக்கு இதுதான் பால்யம். 1996-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் இந்தியக் கொத்தடிமைக் குழந்தைகளைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டது. அதில் எங்கள் பக்கத்துப் பீடித் தொழிலும் வருகிறது. குழந்தையின் உழைப்பை ஈடு வைக்கக் கூடாது என்று 1933-லேயே சட்டம் இருந்தது தெரியுமா? மீறின பெற்றோருக்கு 50 ரூபாய் வரையும், வேலை வாங்கினவருக்கு 200 ரூபாய் வரையும் அபராதம். 1976-ல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் பீடி வேலை தடை செய்த பட்டியலிலேயே இருந்தது. அதற்கும் பிறகுதான் என்னைக் கொண்டுபோய் விட்டார்கள். எனக்கு அந்தத் தடையால் ஒரு நாள் கூட லீவு கிடைக்கவில்லை.

அந்த டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டோடு மனநலப் பிரிவுக்குப் போக எனக்குப் பல வாரம் ஆனது. யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் பயம். இப்போது யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது. வேலூர்க்காரர்களுக்கு இந்த விஷயத்தில் இருக்கிற வசதி மற்ற ஊர்களுக்கு இல்லை. சி.எம்.சி.யின் மனநல மையம் பாகாயத்தில் 1957-லிருந்து இருக்கிறது, வீட்டு ஆட்களையும் உடன் வைத்துச் சிகிச்சை தருவதற்குப் பேர் போனது. காட்பாடியிலிருந்தும் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்தும் டவுன் பஸ்ஸிலேயே போய்விடலாம். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திருப்பத்தூர், ராணிப்பேட்டை பக்கத்து ஆட்களுக்கும் மாவட்ட மனநலத் திட்டத்தில் டாக்டர் உண்டு, அரசில் மாத்திரை இலவசம். நேரில் போகக் கூச்சமாக இருந்தால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். டெலி மானஸ் என்று பெயர், 2022 அக்டோபரிலிருந்து நடக்கிறது, இலவசம், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். நான் முதலில் பேசியது அதில்தான். முகம் தெரியாத ஆளிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

மனநல டாக்டர் எனக்கு விளக்கினது இது. அடிபட்டு வளர்ந்த தெரு நாயின் முன்னால் நீங்கள் செருப்பு வாரைச் சரி செய்யக் குனிந்தாலும் அது ஓடும். கல் இருக்கிறதா என்று அது நின்று பார்ப்பதில்லை. அதே மாதிரிதான் உடம்பும். ஆபத்து என்றால் அட்ரினலின், கார்டிசால் சுரந்து இதயம் வேகமெடுக்கும், மூச்சு வேகமாகும், செரிமானம் மந்தமாகும். ஆபத்து போனதும் அடங்க வேண்டும். வளர்கிற வயசில் நாள் முழுக்க, வருஷக்கணக்கில் பயந்தே இருந்தால் அந்த ஏற்பாடு அடங்கக் கற்றுக்கொள்வதே இல்லை. எனக்கு மேஸ்திரியின் முகம் கூட மறந்துவிட்டது. கணக்கு எடுக்கிற நேரத்தை உடம்பு மறக்கவில்லை. வேகமாக மூச்சு விடுவதால்தான் விரல் மரத்துப் போகிறது என்பதையும் அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இந்த ஒரு தகவலே எனக்குப் பாதி மருந்து.

அவர் ஒரு அமெரிக்க ஆய்வைப் பற்றியும் சொன்னார். பிறகு நானும் தேடிப் படித்தேன். வின்சென்ட் ஃபெலிட்டி என்ற டாக்டர் 1980-களில் சான் டியாகோவில் உடல் எடை குறைக்கும் சிகிச்சை நடத்திக்கொண்டிருந்தார். எடை நன்றாகக் குறைந்துகொண்டிருந்தவர்களே பாதியில் நின்றுபோவதைப் பார்த்து, ஏன் என்று விசாரித்தார். பலருக்குச் சின்ன வயசில் பாலியல் கொடுமை நடந்திருந்தது. அதிலிருந்து ராபர்ட் ஆண்டா என்ற இன்னொரு டாக்டரோடு சேர்ந்து 1995-லிருந்து 1997 வரை 17,000-க்கும் மேற்பட்டவர்களிடம் கேள்வி கேட்டார்கள். 1998-ல் முதல் கட்டுரை வந்தது. மூன்றில் இரண்டு பேருக்கு ஏதாவது ஒரு வகைக் கொடுமையாவது நடந்திருந்தது. நான்கு வகையும் அதற்கு மேலும் அனுபவித்தவர்களுக்குக் குடி, போதை, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் அபாயம் 4 முதல் 12 மடங்கு வரை கூடுதலாக இருந்தது. இதய நோய், நுரையீரல் நோய் கூட அதிகம். இவர்கள் எல்லோரும் பெரும்பாலும் படித்த, இன்சூரன்ஸ் இருந்த ஆட்கள். பீடி முனை மடக்கினவர்கள் இல்லை. ஒவ்வொரு வகைக் கொடுமைக்கும் ஒரு மார்க் என்று போடுகிற அந்தப் பத்துக் கேள்வியில் பட்டறை வேலைக்கு இடமே கிடையாது. இதைப் படித்துவிட்டு, நமக்கு மார்க் அதிகம், கதை முடிந்தது என்று பயந்துவிடாதீர்கள். அது கூட்டத்துக்கான கணக்கு, தனி ஆளின் ஜாதகம் இல்லை. தனி ஆளை இந்த மார்க்கை வைத்து எடை போடாதீர்கள் என்று ஆண்டாவே பின்னால் எழுதியிருக்கிறார்.

ஆனாலும் என்னோடு உட்கார்ந்த பையன்களை நினைத்தால் அந்தக் கணக்கு எனக்குப் புரிகிறது. ஒருவன் நாற்பது தாண்டுவதற்குள் குடியில் போனான். இன்னொருவன் பெங்களூருவில் எங்கோ இருக்கிறான், ஊருக்கு வருவதே இல்லை. மூன்றாவது ஆள் நன்றாகச் சம்பாதிக்கிறான், சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான். கை நீட்டாமல் அவனுக்கு வேலை வாங்கத் தெரியாது. “நாம அடி வாங்கித்தானே உருப்பட்டோம்” என்பான். இந்த வாக்கியத்தைக் கேட்காத தமிழ்க் குடும்பம் உண்டா? 2007-ல் மத்திய அரசு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில் மூன்றில் இரண்டு பேர் அடி வாங்குகிறவர்கள் என்று வந்தது. பள்ளிக்கூடத்தில் அடிப்பதும் மனம் நோக நடத்துவதும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி கூடாது, மீறினால் துறை நடவடிக்கை உண்டு. என் பையனின் கையில் பிரம்புத் தடம் பார்த்தபோது அந்தப் பிரிவைத் தாளில் எழுதி எடுத்துக்கொண்டுபோய் ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தேன். சண்டை போடவில்லை, தாளைக் கொடுத்தேன், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அடி இல்லை. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098-க்குப் போன் செய்யலாம், பக்கத்து வீட்டுக் குழந்தைக்காகவும் செய்யலாம்.

சிகிச்சையைப் பற்றி. மாத்திரை ஆரம்பித்த முதல் பத்து நாள் வயிறு புரட்டியது, படபடப்பு கொஞ்சம் கூடினது போலவே இருந்தது. இது பலருக்கும் வரும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லி வைத்ததால் தாங்கினேன். பலன் தெரிய இரண்டு வாரத்திலிருந்து ஆறு வாரம் வரை ஆகலாம். நாலாம் நாளே ‘கேட்கலை’ என்று விடாதீர்கள். நன்றாக ஆனதும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, தலைச்சுற்றல், எரிச்சல் எல்லாம் வரும். டாக்டர் சொல்லிப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

மாத்திரையை விடப் பேச்சு சிகிச்சைதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. நடுவில் ஒரு தனியார் கவுன்சலரிடம் போனேன், ஒரு மணி நேரத்துக்கு ஆயிரத்துச் சொச்சம். முதல் நாளே நடந்தது எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லச் சொன்னார், அடுத்து உங்கள் அப்பாவை மன்னித்துவிடுங்கள், சரியாகிவிடும் என்றார். அன்று ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. திரும்பப் போகவில்லை. பிறகு கிடைத்த மனநல உளவியலாளர் பல வாரம் பீடிக் கடையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. மூச்சை மெதுவாக வெளியே விடுவது, படபடப்பு வரும்போது கண்ணில் படுகிற பொருள்களை ஒவ்வொன்றாகப் பேர் சொல்வது, கால் தரையில் இருப்பதைக் கவனிப்பது, இதையே பழக்கினார். எனக்குக் கால் ஊன்றி நிற்கத் தெரிந்த பிறகுதான் பழைய கதைக்குப் போனோம். ஆள் தேடும்போது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று போர்டு போட்டிருந்தால், இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று தைரியமாகக் கேளுங்கள். முறையாகப் படித்தவர் கோபப்பட மாட்டார். மன்னிக்கச் சொல்லி அவசரப்படுத்துகிறவரிடம் காசைத் தொலைக்காதீர்கள்.

வீட்டில் சொன்னது தனிக் கதை. மனைவி கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்து, “இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமேங்க, நான் என்னமோ என்னைப் பிடிக்கலைன்னு இல்ல நினைச்சேன்” என்றாள். வலி வருகிற நாளில் நான் யாரோடும் பேச மாட்டேன், அதை அவள் அப்படி எடுத்துக்கொண்டிருக்கிறாள். அம்மாவிடம் சொன்னபோது அவர் முறத்தை மடியில் வைத்து இலை வெட்டிக்கொண்டிருந்தார். இன்னமும் பீடி சுற்றுகிறார், விடச் சொன்னாலும் விடுவதில்லை. “அப்போ வேற இன்னாடா பண்றது” என்றார். கோபமாக இல்லை, நிஜமாகவே என்னிடம் கேட்டார். என்னிடமும் பதில் இல்லை. பெற்றவர்களிடம் மன்னிப்பை எதிர்பார்த்துப் பேசப் போகாதீர்கள், வராமல் போனால் அது இன்னொரு அடி. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன், அவர் டீ போட்டுக் கொடுத்தார்.

கம்பெனியில் எல்லாவற்றையும் சொல்லவில்லை. தேவையும் இல்லை. 2017 மனநலச் சட்டம் உங்கள் சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. அதே சட்டத்தில் 21-ஆம் பிரிவு, உடல் நோய்க்குத் தருகிற மாதிரியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது. பாலிசி புதுப்பிக்கும்போது அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். நான் கேட்டது ஒன்றுதான்: லைனிலிருந்து தரப் பரிசோதனைக்கு மாற்றிவிடுங்கள் என்று. அதனால்தான் இன்க்ரிமென்ட் போனது. பரவாயில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், மாதா மாதம் இடிக்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே யாரையும் கத்த வேண்டியதில்லை.

கடைசியாக, தெரிந்தவர்கள் எல்லோரும் என்னைக் கேட்பது: முழுசாகச் சரியாகிவிட்டதா, மாத்திரை எத்தனை நாள்? சரியாகிவிட்டது என்று சொல்ல முடியாது. மாசத்துக்கு ஒன்றிரண்டு தடவை இறுகும், என்னவென்று தெரிந்திருப்பதால் ஆஸ்பத்திரிக்கு ஓடுவதில்லை. மாத்திரை ஒரு வருஷத்துக்கு மேலே போனது, இப்போது பாதி அளவில் இருக்கிறேன். பிபியும் கொஞ்சம் இருக்கிறது, அதற்குத் தனி மாத்திரை. மனசுக்குப் பார்க்கிறோம் என்று உடம்பை விட்டுவிட முடியாது, ஆறு மாசத்துக்கு ஒருமுறை பிபி, சுகர் பார்த்துக்கொள்கிறேன். முதல் தடவை மனநலப் பிரிவுக்குப் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். பழைய ஃபைல், இப்போது போடுகிற எல்லா மாத்திரையின் அட்டை, எந்த நேரத்தில் எங்கே வருகிறது என்று ஒரு தாளில் எழுதினது, கூட வர ஒரு ஆள். சின்ன வயசில் நடந்ததை டாக்டர் கேட்காவிட்டால் நீங்களே சொல்லுங்கள். விவரம் எல்லாம் வேண்டாம், ஒரு வரி போதும்.